எம்பி4, எம்கேவி ஃபைல்களைத் தரம் கெடாமல் டிவிடியில் ஏற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

டிஸ்க்கில் பர்ன் செய்யும்போது, அதாவது எழுதும்போது, படத்தின் தரம் துளியும் குறையாது. கணினியில் இருக்கும் பிட்டுகள் அப்படியே டிஸ்க்குக்குப் போகின்றன, அவ்வளவுதான். தரம் போவதெல்லாம் அதற்கு முந்தைய படியில், அந்த எம்பி4-ஐயோ எம்கேவி-யையோ டிவிடி பிளேயருக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும்போதுதான். டிவிடி 1996-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது, எம்பி4, எம்கேவி ஃபைல்களில் பெரும்பாலும் இருக்கும் எச்.264 கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை) வந்ததோ 2003-இல். ஆகவே டிவிடி பிளேயர் எதிர்பார்ப்பது எம்பெக்-2 என்ற பழைய கோடெக், அதுவும் 720×576 அல்லது 720×480 அளவில்தான். 1920×1080 படத்தை 720×576-க்குக் கொண்டுவந்தால் மிஞ்சுவது சரியாக ஐந்தில் ஒரு பங்கு பிக்சல். எந்த மென்பொருளாலும் இதைத் தவிர்க்க முடியாது, அதனால் ‘முழு எச்டி தரம் அப்படியே டிவிடியில்’ என்று எந்த விளம்பரம் சொன்னாலும் நம்ப வேண்டாம். ஆனால் இந்த மாற்றத்தை ஒரே ஒரு முறை, சரியான அமைப்புகளோடு செய்தால் டிவியில் பார்க்கும்போது மிக நன்றாகவே இருக்கும். சில சமயம் மாற்றவே தேவையில்லாத வழியும் உண்டு. அதிலிருந்தே தொடங்கலாம்.

எந்த வகை டிஸ்க் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

வழிகள் மூன்று. முதலாவது டேட்டா டிஸ்க். ஃபைலை அப்படியே டிஸ்க்கில் நகலெடுத்துவிடுவது. கணினியில் பார்க்கவோ பத்திரமாக எடுத்து வைக்கவோ இது போதும், தரம் நூற்றுக்கு நூறு அப்படியே இருக்கும். ஒரே ஃபைல் 4 ஜிபிக்கு மேல் இருந்தால் பர்ன் மென்பொருளில் ஃபைல் சிஸ்டத்தை யுடிஎஃப் என்று வைத்துக்கொள்ளுங்கள், பழைய ஐஎஸ்ஓ 9660 முறை அந்த அளவில் தகராறு செய்யும். டிவ்எக்ஸ் முத்திரை போட்ட பழைய டிவிடி பிளேயர்கள் எக்ஸ்விட், டிவ்எக்ஸ் கோடெக்கில் உள்ள ஏவிஐ ஃபைல்களை டேட்டா டிஸ்க்கிலிருந்தே நேரடியாக ஓட்டும். உங்களிடம் இருப்பது அப்படிப்பட்ட ஏவிஐ என்றால் மாற்றவே வேண்டாம், கையேட்டை ஒருமுறை பார்த்துவிட்டு அப்படியே எழுதுங்கள்.

இரண்டாவது வழி பலருக்குத் தெரிவதில்லை, எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: ஏவிசிஎச்டி டிஸ்க். சாதாரண டிவிடி டிஸ்க்கிலேயே எச்.264 எச்டி வீடியோவை ப்ளூரே போன்ற அமைப்பில் எழுதுவது. டிவிடி பிளேயரில் ஓடாது, ஆனால் ஏவிசிஎச்டி முத்திரை உள்ள ப்ளூரே பிளேயரில் முழு 1920×1080-இல் ஓடும். இதற்கு டிஎஸ்மக்ஸர் என்ற இலவசக் கருவி போதும். எம்கேவி-யை உள்ளே கொடுத்து, வெளியீட்டை ஏவிசிஎச்டி டிஸ்க் என்று தேர்ந்தெடுத்தால் வீடியோவைத் தொடாமல் உறையை, அதாவது ஃபைலின் வெளி அமைப்பை மட்டும் மாற்றித் தரும். ஆடியோ ஏஏசி-யாக இருந்தால் அதை மட்டும் ஏசி-3 ஆக மாற்றிக்கொள்ள வேண்டும். டிவிடி டிஸ்க்கில் மொத்த வேகம் நொடிக்கு 18 மெகாபிட்டைத் தாண்டக் கூடாது, எச்.264 லெவல் 4.1-க்குள் இருக்க வேண்டும், பர்ன் செய்யும்போது யுடிஎஃப் 2.50 வைக்க வேண்டும். நொடிக்கு 8,000 கிலோபிட்டில் உள்ள படம் ஒற்றை அடுக்கு டிஸ்க்கில் சுமார் 75 நிமிடம் பிடிக்கும். எச்.265 ஃபைலுக்கு இந்த வழி கிடையாது. 1080 அளவில் 60 ஃப்ரேம் ஓடும் மொபைல் வீடியோவையும் பழைய ப்ளூரே பிளேயர்கள் ஏற்காது. 24 ஃப்ரேமில் உள்ள படங்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தும்.

மூன்றாவது, எந்த டிவிடி பிளேயரிலும் போட்டவுடன் ஓட வேண்டிய டிவிடி வீடியோ. வேலை அதிகம் உள்ளது இதில்தான், இனி வருவதெல்லாம் இதைப் பற்றியே.

மூல ஃபைலைப் பரிசோதியுங்கள்

மீடியாஇன்ஃபோ என்ற சிறிய மென்பொருளில் ஃபைலைத் திறந்து சில விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கோடெக், ரெசல்யூஷன், நொடிக்கு எத்தனை ஃப்ரேம், அது நிலையானதா மாறக்கூடியதா, இன்டர்லேஸ் (ஒவ்வொரு ஃப்ரேமையும் ஒன்றுவிட்டு ஒன்றான வரிகளாக இரண்டு ஃபீல்டாகப் பிரிக்கும் முறை) உண்டா இல்லையா, ஆடியோ வகை, மொத்த நேரம். இந்த ஒரு நிமிட வேலையைத் தவிர்த்துவிட்டுத்தான் பாதிப் பேர் பின்னால் ‘படம் இழுக்கிறது, குரல் தள்ளிப்போகிறது’ என்று தவிக்கிறார்கள்.

வீடியோ ஏற்கெனவே எம்பெக்-2, 720×576 அல்லது 720×480 என்று காட்டினால் அதிர்ஷ்டம்தான். பழைய டிவி ரெக்கார்டர்களும் டிவிடியில் பதியும் கேம்கார்டர்களும் இப்படிப்பட்ட ஃபைல்களைத் தரும். அதை மறுபடி மாற்றாதீர்கள், டிவிடி அமைப்புக்குள் அடுக்குவது மட்டுமே வேலை. டிவிடி ஸ்டைலர் மென்பொருளில் அந்த வீடியோவின் பண்புகளுக்குள் போய், மாற்றாமல் நகலெடு என்ற தேர்வை வைத்தால் போதும். ஏசி-3 ஆடியோ 48 கிலோஹெர்ட்ஸில் இருந்தாலும் இதே விதிதான்.

இன்னொன்று: வெட்டவோ ஒட்டவோ வேண்டியிருந்தால் எடிட்டிங் மென்பொருளில் போட்டு மறுபடி எம்பி4 ஆக எடுத்து, அதை மீண்டும் டிவிடிக்கு மாற்றும் வேலை வேண்டாம். இடையில் ஒரு முறை கூடுதலாகச் சுருங்குகிறது, அந்தச் சேதம் திரும்பி வராது. லாஸ்லெஸ்கட், அவிடெமக்ஸ் போன்றவற்றில் கீஃப்ரேம் (பிற ஃப்ரேம்களைச் சாராமல் முழுப் படமாகப் பதிந்த ஃப்ரேம்) இருக்கும் இடத்தில் நகல் முறையில் வெட்டுங்கள். எடிட்டிங் தவிர்க்க முடியாதென்றால் இடைநிலை ஃபைலை எஃப்எஃப்வி1, யுடி வீடியோ மாதிரி இழப்பில்லாத கோடெக்கில் எடுங்கள். ஃபைல் பூதாகரமாக இருக்கும், வேலை முடிந்ததும் அழித்துவிடலாம்.

பாலா, என்டிஎஸ்சியா: ஃப்ரேம் வேகம்தான் தீர்மானிக்க வேண்டும்

பால், என்டிஎஸ்சி இரண்டும் டிவிக்கான தரமுறைகள். பால் என்றால் 720×576, நொடிக்கு 25 ஃப்ரேம். என்டிஎஸ்சி என்றால் 720×480, நொடிக்கு 29.97 ஃப்ரேம். பலரும் தங்கள் நாட்டில் எது வழக்கமோ அதைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கிறார்கள். தரம்தான் நோக்கம் என்றால் மூல ஃபைலின் ஃப்ரேம் வேகத்தைப் பார்த்து முடிவு செய்வதே சரி, ஏனென்றால் 30-ஐ 25 ஆக்கினால் சில ஃப்ரேம்கள் தொலையும், கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் விட்டு விட்டு இழுப்பது அப்பட்டமாகத் தெரியும். பிக்சல் கொஞ்சம் குறைவதை விட இந்த இழுப்பு கண்ணை அதிகம் உறுத்தும் என்பது என் கருத்து.

25 அல்லது 50 ஃப்ரேம் ஃபைலுக்குப் பால். 29.97, 30, 59.94, 60 ஃப்ரேம் ஃபைலுக்கு என்டிஎஸ்சி. பால் பிளேயர்களில் பெரும்பாலானவை என்டிஎஸ்சி டிஸ்க்கையும் ஓட்டும், ஆனால் என்டிஎஸ்சி மட்டும் அறிந்த பிளேயரில் பால் ஓடும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. டிஸ்க்கை யாருக்காவது தரப்போகிறீர்கள் என்றால் இதை மனதில் வையுங்கள்.

23.976 ஃப்ரேமில் உள்ள படங்களுக்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு. என்டிஎஸ்சியாக எடுத்து, புல்டவுன் குறியீட்டைச் சேர்ப்பது ஒன்று. டிஸ்க்கில் 24 ஃப்ரேம் மட்டுமே இருக்கும், மீதியைப் பிளேயரே திரும்பக் காட்டி நிரப்பிக்கொள்ளும், பிட்டும் மிச்சம். இன்னொன்று பாலாக எடுத்து, படத்தை 25-க்குச் சற்றே வேகப்படுத்துவது. வேகம் 4 சதவீதம்தான் கூடும், 120 நிமிடப் படம் 115 நிமிடத்தில் முடிந்துவிடும், ஒவ்வொரு ஃப்ரேமும் முழுதாக இருக்கும். ஆடியோவையும் அதே அளவு வேகப்படுத்த வேண்டும். விண்டோஸில் உள்ளவர்களுக்கு ஏவிஸ்டுடிவிடி என்ற இலவச மென்பொருளைப் பரிந்துரைப்பேன், ஃப்ரேம் வேகத்தை எப்படிக் கையாள வேண்டும் என்பதை அதில் படம் வாரியாகத் தேர்வு செய்யலாம்.

60 ஃப்ரேம் விளையாட்டு வீடியோ, நடன நிகழ்ச்சி மாதிரியானவற்றை 30 ஆக வெட்டாமல் இன்டர்லேஸ் முறையில் எடுங்கள். ஒரு ஃப்ரேமுக்கு இரண்டு ஃபீல்டு என்று நொடிக்கு 60 அசைவுகளும் டிஸ்க்கில் இடம்பெறும், ஓட்டம் வழுக்கிக்கொண்டு போகும். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மாற்றுக் கருவியில் இதற்கென்றே ஃபில்டர் இருக்கிறது. மேல் ஃபீல்டு முதலில் வருமாறு வைத்து, எம்பெக்-2 என்கோடரிலும் இன்டர்லேஸ் என்று குறிப்பிட மறக்காதீர்கள். மூலமே இன்டர்லேஸாக இருந்தால் டீஇன்டர்லேஸ் செய்து பாதியைத் தூக்கி எறிய வேண்டாம், அப்படியே காப்பாற்றுங்கள்.

மொபைலில் எடுத்த வீடியோ என்றால் மீடியாஇன்ஃபோ ‘வேரியபிள்’ என்று காட்டும், அதாவது வெளிச்சத்தையும் பிறவற்றையும் பொறுத்து ஃப்ரேம் வேகம் ஏறி இறங்கியிருக்கும். மாற்றும்போது வெளியீட்டை நிலையான 29.97 அல்லது 25-க்குக் கட்டிப்போடுங்கள். குரலும் உதடும் படம் போகப் போக விலகிக்கொண்டே போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அளவும் நிறமும்

டிவிடியில் 16:9 படமும் 720×576 பெட்டிக்குள்தான் நெருக்கி வைக்கப்படுகிறது, பிளேயர் அதை விரித்துக் காட்டுகிறது. ஆகவே 16:9 மூலத்தை முழுப் பெட்டிக்கும் நெருக்கி, விகிதம் 16:9 என்று குறியிடுங்கள். 4:3 பெட்டிக்குள் கறுப்புப் பட்டை போட்டு வைக்கும் மென்பொருள் அமைப்பை மட்டும் தவிர்த்துவிடுங்கள், கிடைத்த கொஞ்ச பிக்சலிலும் கால்வாசி வீணாகிவிடும். 2.39 விகிதத்தில் உள்ள அகலமான படத்துக்கு மேலும் கீழும் பட்டை தேவைதான், 576 வரியில் படத்துக்கு 428 போல மிஞ்சும். செங்குத்தாக எடுத்த மொபைல் வீடியோவுக்கு இருபுறமும் பட்டை வரும், அதை இழுத்து நிரப்ப முயலாதீர்கள். சுருக்கும் முறையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் லான்சோஸ் வையுங்கள், விளிம்புகள் கூர்மையாக இருக்கும்.

நிறத்தில் சறுக்குவது எளிது, அதைக் கவனிப்பவர்களோ குறைவு. எச்டி வீடியோ பிடி.709 என்ற நிற அளவுகோலில் இருக்கும், டிவிடி எதிர்பார்ப்பது பிடி.601. மாற்றாமல் விட்டால் சிவப்பும் பச்சையும் லேசாகத் திரிந்து, முகங்களின் நிறம் சற்று வேறாகத் தெரியும். மாற்றும் மென்பொருளில் இந்த அமைப்பு எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். எச்டிஆரில் (கூடுதல் ஒளி வீச்சோடு) எடுத்த மொபைல் வீடியோவை முதலில் சாதாரண எஸ்டிஆருக்கு டோன்மேப் செய்தே, அதாவது அந்த வீச்சைச் சுருக்கியே ஆக வேண்டும், இல்லையென்றால் படம் முழுக்க வெளுத்துப்போய்ச் சாம்பல் பூத்த மாதிரி வரும்.

பிட்ரேட் கணக்கு

பிட்ரேட் என்றால் ஒரு நொடிக்குச் செலவாகும் பிட்டுகளின் அளவு. தரத்தைக் காப்பாற்றும் இடம் உண்மையில் இதுதான். ஒற்றை அடுக்கு டிஸ்க்கின் கொள்ளளவு 470 கோடி பைட், அதாவது கணினி காட்டும் கணக்கில் 4.38 ஜிபி. இதில் அமைப்புச் செலவுக்கும் டிஸ்க் விளிம்பில் விடும் இடத்துக்கும் ஒரு 4 சதவீதம் கழித்தால், கணக்கு மிக எளிதாகிவிடுகிறது: 6,00,000-ஐ மொத்த நிமிடங்களால் வகுத்தால் வருவதே நொடிக்கு உங்கள் கையில் இருக்கும் கிலோபிட். 120 நிமிடப் படத்துக்கு 5,000. அதில் ஆடியோவுக்கு 192 போனால் வீடியோவுக்கு 4,800. 90 நிமிடத்துக்கு இதே கணக்கில் வீடியோவுக்கு ஏறக்குறைய 6,470. இரட்டை அடுக்கு டிஸ்க்குக்கு 6,00,000-க்குப் பதில் 10,80,000 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிவிடி விதிப்படி வீடியோ உச்சம் நொடிக்கு 9,800 கிலோபிட், ஆடியோவும் சப்டைட்டிலும் சேர்த்து மொத்தம் 10,080. அந்த எல்லையைத் தொட வேண்டாம். வீட்டில் எழுதிய டிஸ்க்கை வாசிக்கப் பழைய பிளேயர்கள் திணறும், உச்சத்தை 8,500 என்று கட்டுப்படுத்துவது பாதுகாப்பானது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான வீடியோவுக்கு எப்படியும் இடம் மிஞ்சும், சராசரி 8,000 வைத்து ஒரே ஓட்டத்தில் எடுத்துவிடலாம். அதற்கு மேற்பட்ட நீளம் எதுவானாலும் இரண்டு ஓட்ட முறைதான். முதல் ஓட்டத்தில் என்கோடர் எந்தக் காட்சி கடினமானது என்று அளந்து வைத்துக்கொள்ளும், இரண்டாவதில் பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காட்சியிலிருந்து பிட்டுகளை மிச்சம் பிடித்து மழை, கூட்டம், தண்ணீர், வேகமான சண்டை ஆகியவற்றுக்குக் கொடுக்கும். நேரம் இரட்டிப்பாகும், ஆனால் அந்தக் காத்திருப்புக்குப் பலன் கண்ணெதிரே தெரியும். ஏவிஸ்டுடிவிடியில் எச்சிஎன்க் என்கோடரைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஓட்டம் வைப்பது என் முதல் தேர்வு.

700 எம்பி ஃபைல் எப்படி 4 ஜிபி ஆனது என்று பலர் குழம்புவார்கள். எம்பெக்-2 பழைய கோடெக், அதே படத்தைக் காட்ட அதற்குக் கூடுதல் பிட் வேண்டும், அவ்வளவுதான். ஃபைல் பெரிதானதால் தரம் கூடிவிடாது. அதே சமயம், மூலம் சிறியதுதானே என்று பிட்ரேட்டைக் குறைக்கவும் கூடாது. மூலத்தில் ஏற்கெனவே இருக்கும் கட்டம் கட்டமான சிதைவுகளையும் என்கோடர் படத்தின் விவரமாகவே எடுத்துக்கொண்டு அதற்கும் பிட் செலவழிக்கும், ஆகவே டிஸ்க்கில் இருக்கும் இடத்தைத் தாராளமாகக் கொடுங்கள்.

கணக்கில் 4,000-க்குக் கீழே வந்தால், அதாவது ஒரு டிஸ்க்கில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் போனால், நான் இரட்டை அடுக்கு டிஸ்க்குக்குப் போவேன் அல்லது இரண்டு டிஸ்க்காகப் பிரிப்பேன். ஒரே டிஸ்க்கில் ஆறு மணி நேரம் திணித்துவிட்டுத் தரம் எங்கே என்று கேட்பதில் நியாயமில்லை. பிரிக்கவே முடியாது என்றால், இருட்டில் எடுத்த வீடியோவில் தெரியும் மணல் மணலான இரைச்சலை லேசான டீநாய்ஸ் ஃபில்டரால் குறைத்துக்கொள்ளுங்கள், பிட்டை அதிகம் விழுங்குவது அந்த இரைச்சல்தான். லேசாக மட்டும், ஏறிப்போனால் முகம் மெழுகு மாதிரி வழுவழுவென்று ஆகிவிடும்.

ஆடியோ

ஏசி-3, 48 கிலோஹெர்ட்ஸ். இரண்டு சேனலுக்கு 192 முதல் 256, ஆறு சேனலுக்கு 384 முதல் 448 கிலோபிட். பிசிஎம் என்ற சுருக்கப்படாத ஆடியோவில் இழப்பே கிடையாது, ஆனால் ஸ்டீரியோவுக்கே நொடிக்கு 1,536 கிலோபிட் தின்றுவிடும். கச்சேரிப் பதிவு மாதிரி இசையே முக்கியமான, நீளம் குறைவான வீடியோவுக்கு மட்டும் அதைப் பரிசீலியுங்கள்.

டிவிடி அமைப்பாகக் கட்டுவது

இப்போது கிடைத்த எம்பெக்-2 ஃபைலை டிவிடி ஸ்டைலரிலோ, ஏவிஸ்டுடிவிடியின் கடைசிப் படியிலோ, லினக்ஸில் டிவிடிஆதரிலோ கொடுத்து வீடியோ_டிஎஸ் ஃபோல்டரை உருவாக்க வேண்டும். அதற்குள் விஓபி, ஐஎஃப்ஓ, பியுபி என்று மூன்று வகை ஃபைல்கள் இருக்கும். விஓபி-யில்தான் படம், ஒவ்வொன்றும் 1 ஜிபி அளவில் துண்டாகியிருக்கும், அது இயல்பானதுதான். டிவிடி ஸ்டைலரில் புதிதாக ஒரு வேலையைத் தொடங்கும்போதே டிஸ்க் அளவு, பால் அல்லது என்டிஎஸ்சி, விகிதம், ஆடியோ வகை எல்லாவற்றையும் கேட்கும், மூலத்துக்கு ஏற்ப நாம் முடிவு செய்ததையே கொடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு சாப்டர் போதும். மெனு எளிமையாக இருக்கட்டும், அசையும் மெனுவும் பின்னணி இசையும் படத்தின் பிட்டைத்தான் தின்னும்.

சப்டைட்டில் சேர்ப்பவர்கள் கவனியுங்கள்: டிவிடியில் சப்டைட்டில் எழுத்தாகப் போகாது, நான்கு நிறம் மட்டுமே உள்ள சிறு படங்களாகத்தான் போகும். எஸ்ஆர்டி ஃபைலை (எழுத்தாக உள்ள சப்டைட்டிலை) அப்படிப் படமாக மாற்றும் கருவிகள் சிலவற்றில் தமிழ் மாதிரியான எழுத்துகளின் கொம்பும் காலும் இடம் மாறி உட்காரும். ஒரு நிமிடத் துண்டை மட்டும் எடுத்துச் சோதித்துப் பார்த்த பிறகே முழுப் படத்துக்கும் போங்கள்.

எழுதுவதற்கு முன் ஓட்டிப் பாருங்கள்

வீடியோ_டிஎஸ் ஃபோல்டரை விஎல்சி-யில் டிஸ்க்காகவே திறக்கலாம். நடுவிலும் கடைசிப் பத்து நிமிடத்திலும் குரல் சரியாகப் பொருந்துகிறதா, வேகமான காட்சியில் கட்டம் தெரிகிறதா, வட்டமான பொருள் முட்டையாகத் தெரிகிறதா என்று பாருங்கள். குறை தெரிந்தால் இப்போதே திருத்திவிடலாம், டிஸ்க் வீணாகாது.

பர்ன்

விண்டோஸில் இம்க்பர்ன், லினக்ஸில் கே3பி, இரண்டும் நம்பகமானவை. இம்க்பர்னில் ஃபோல்டரை டிஸ்க்கில் எழுது என்பதைத் தேர்ந்தெடுத்து வீடியோ_டிஎஸ்-ஐக் கொடுத்தால், இது டிவிடி வீடியோ என்று அதுவே கண்டுகொண்டு ஃபைல் சிஸ்டத்தைத் திருத்தட்டுமா என்று கேட்கும். சம்மதித்துவிடுங்கள். வேகத்தை 16எக்ஸ் டிஸ்க்காக இருந்தாலும் 8எக்ஸ் அருகில் வையுங்கள், பத்து நிமிடம் அளவில் முடிந்துவிடும். மிக மெதுவாக, 1எக்ஸ் அல்லது 2எக்ஸில் எழுதினால்தான் நல்லது என்ற பேச்சு இன்றைய டிஸ்க்குகளுக்குப் பொருந்தாது, அவற்றின் சாயப்பூச்சு அதிக வேகத்துக்காகவே தயாரிக்கப்பட்டது. எழுதி முடித்ததும் சரிபார்க்கும் வெரிஃபை தேர்வை எப்போதும் போட்டு வையுங்கள்.

பழைய பிளேயருக்கு டிவிடி-ஆர் பாதுகாப்பு. டிவிடி+ஆர் என்றால் புக்டைப்பை (டிஸ்க் எந்த வகை என்று பிளேயருக்குச் சொல்லும் குறியை) வாசிக்க மட்டுமே ஆன டிவிடி-ரோம் என்று மாற்றித் தரும் டிரைவில் எழுதுங்கள். திரும்ப எழுதக்கூடிய ஆர்டபிள்யூ டிஸ்க்கில் ஒளி குறைவாகவே பிரதிபலிக்கும் என்பதால் சில பிளேயர்கள் அதைத் தொடவே தொடாது. இரட்டை அடுக்கில் முதல் அடுக்கிலிருந்து அடுத்ததற்குத் தாவும் இடத்தை இம்க்பர்ன் கேட்கும், கறுப்பாகவோ அமைதியாகவோ இருக்கும் சாப்டர் எல்லையைத் தேர்ந்தெடுங்கள், அந்த இடத்தில் பிளேயர் ஒரு நொடி நிற்கக்கூடும்.

டிஸ்க்கின் மேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், சுழலும்போது சமநிலை தவறும். டிஸ்க்குக்கென்று விற்கும் மார்க்கர் பேனாவால் எழுதி, வெயில் படாமல் நிற்க வைத்துச் சேமியுங்கள்.

கணினியில் ஓடி, டிவி பிளேயரில் மட்டும் திக்கினால் முதலில் வேறு பிராண்டு டிஸ்க்கில் எழுதிப் பாருங்கள். அதே காட்சியில், அதுவும் வேகமான காட்சியில் திரும்பத் திரும்பத் திக்கினால் டிஸ்க்கைச் சந்தேகிக்க வேண்டாம், உச்ச பிட்ரேட்டை 8,500-லிருந்து 7,500-க்கு இறக்கி மறுபடி எடுங்கள். அப்படி எடுக்கும்போது மூல எம்பி4-இலிருந்தே தொடங்குங்கள், ஏற்கெனவே செய்த டிவிடியிலிருந்து அல்ல.